மூடியைத் திறக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்



போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோ ரிசீவர் படுத்துவிட்டது, அதற்குப் பதில் எதை வாங்கலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சிலர் லிங்க் அனுப்பினீர்கள், சிலர் தள்ளுபடி கூப்பன் அனுப்பினீர்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன், "மாமா, ஜனவரியில் வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தே தருகிறேன்" என்றான். அன்பு புரிகிறது. ஆனாலும் எல்லாவற்றையும் படித்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம். அதை எழுதித்தான் தீர்க்க வேண்டும். நீளமான பதிவு. பொறுமையில்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம். வகுப்பில் தூங்கியவர்களையே நான் எழுப்பியதில்லை.

அத்தனை பேரில் ஒருவர்கூட, "சார், உங்களிடம் இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை ஓம்?" என்று கேட்கவில்லை. அறை எவ்வளவு பெரியது என்று கேட்கவில்லை. பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கவே இல்லை. வாட்ஸ், சேனல், ஆப், பிராண்ட், ஆஃபர், இவ்வளவுதான். இதை எழுதியவர்களில் பாதிப் பேர் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தினமும் எட்டு மணி நேரம் இயந்திரங்களோடு இருப்பவர்கள். என்னிடம் ஓம் விதி படித்தவர்கள்.

அதில் ஒரு பதில்தான் என்னை இப்படி உட்கார வைத்தது. எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் மாணவன் எழுதியது: "சார், ரிப்பேர் பண்ற காலமெல்லாம் போயிடுச்சு. இப்ப யூஸ் அண்ட் த்ரோதான். நாலு வருஷம் ஓடினா லாபம்." அதற்குத்தான் அதிக லைக். கெட்டிக்காரப் பையன், அவன் மேல் வருத்தமில்லை. அந்த லைக்குகளின் மேல்தான் வருத்தம்.

ரிசீவர் என்றால் என்னவென்று கேட்ட சின்னம்மா, பெரியம்மாக்களுக்காக ஒரு வரி. ஆம்ப்ளிஃபையரும் ரேடியோவும் ஒரே பெட்டியில் இருந்தால் அது ரிசீவர். ரெக்கார்டு பிளேயர், சிடி, டிவி, போன் எதிலிருந்து சத்தம் வந்தாலும் வாங்கி, பெரிதாக்கி, இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை.

முதலில் வாட்ஸ் கணக்கு. "சார், குறைந்தது 500 வாட்ஸ் எடுங்க" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். என் அறை 12 அடிக்கு 14 அடி. என் ஸ்பீக்கர் 8 ஓம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் 88 டெசிபல் சத்தம் தரும். டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு. வாட்ஸ் பத்து மடங்கானால்தான் 10 டெசிபல் கூடும். அதாவது 10 வாட்டுக்கு 98, 100 வாட்டுக்கு 108. தொழிற்சாலையில் 8 மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல்தான் நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பு. பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதானே நிற்கிறீர்கள். ஆக, நான் சாதாரணமாகக் கேட்கும்போது என் ஆம்ப்ளிஃபையர் தருவது ஒன்றிரண்டு வாட். தவில் விழும்போது, தாரை தப்பட்டை வெடிக்கும்போது ஒரு கணம் 30, 40 வாட் கேட்கும். நேர்மையான 50 வாட் இருந்தால் இந்த வீட்டுக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்கும் போதும்.

நேர்மையான என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1990களில் ரேடியோ டேப் பெட்டிகள் மேல் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? அப்படியொரு அளவுக்கு எந்த வரையறையும் கிடையாது. எழுதுகிறவன் கை எவ்வளவு தாராளமோ அவ்வளவு வாட்ஸ். அமெரிக்காவில் 1974லேயே இதற்கு விதி போட்டார்கள். 2024ல் அதை இன்னும் இறுக்கி, 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு வரம்புக்குள் அளந்த எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார்கள். நம் ஊரில் நாமேதான் சரிபார்க்க வேண்டும். கஷ்டமில்லை. பெட்டியின் பின்பக்கம் மின்சாரச் செலவு எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். பின்பக்கம் 150 என்றும் முன்பக்கம் 1000 என்றும் இருந்தால், ஆற்றல் அழிவின்மை விதியை அந்தக் கம்பெனி ரத்து செய்துவிட்டது என்று பொருள். ஒன்பதாம் வகுப்புப் பாடம் இது.

இன்னொரு கணக்கும் போடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் கொடுத்தால் வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்க 50 வாட், ஓடும் மின்னோட்டம் இரண்டரை ஆம்பியர். அதே 20 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 100 வாட், 5 ஆம்பியர். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டி அந்த 5 ஆம்பியரைத் தர முடியாமல் சூடேறி, புரொடெக்‌ஷனுக்குப் போய்விடும். கடைக்காரர் "வாட்ஸ் கூட வர்றதே, நல்லதுதானே" என்பார். அதனால்தான் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்பது முதல் கேள்வி. கேட்டிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

அடுத்து சவுண்ட்பார் கட்சி. பெரும்பான்மைக் கட்சி இதுதான். டிவிக்குக் கீழே மூன்றடி நீளத்தில் ஒரு கம்பு, ஒரே ஒயர், வீட்டுக்காரம்மாவுக்கும் தொந்தரவில்லை. செய்தி கேட்கவும் சீரியல் பார்க்கவும் நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டது ஸ்டீரியோ. வலது காதுக்கும் இடது காதுக்கும் ஒரு சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மில்லி செகண்டில் முக்கால் பங்குகூட இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை, வயலின் எந்தப் பக்கம், தபேலா எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறது. அதற்கு இரண்டு ஸ்பீக்கரும் ஆறேழு அடி விலகி நிற்க வேண்டும், கேட்பவர் முக்கோணத்தின் மூன்றாம் முனையில் உட்கார வேண்டும். 1978ல் 'பிரியா' படத்துக்கு இளையராஜா ஸ்டீரியோவில் பாடல்களைப் பதிவு செய்தபோது செய்த வேலையெல்லாம் அந்த இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் இருக்கிற காலி இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தை மூன்றடியாகச் சுருக்கிவிட்டு, மீதியை ஒரு சிப் கற்பனை செய்துகொள்ளும் என்கிறீர்கள். சவுண்ட்பாரில் ரேடியோவும் அநேகமாக இருக்காது. இந்தியாவிலேயே எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் தொடங்கியது 1977 ஜூலை 23ல் சென்னையில். அங்கிருந்து 40 கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு ரேடியோ இல்லாத பெட்டி வாங்க நான் தயாரில்லை. ஒன்றரை மீட்டர் ஒயரை டி வடிவில் சுவரில் ஒட்டினால் போதும், 101.4 கணீரென்று கேட்கும்.

ஏழு சேனல், ஒன்பது சேனல் சொன்னவர்களுக்கு ஒரு வரிதான். எனக்கு இரண்டு காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வை-ஃபை, ஆப், குரல் கட்டளை எல்லாம் உள்ளேயே இருக்கிற "ஸ்மார்ட்" ரிசீவரைப் பலர் சிபாரிசு செய்திருக்கிறீர்கள். ஒரு ஆம்ப்ளிஃபையரின் வயதும் ஒரு கம்ப்யூட்டரின் வயதும் ஒன்றா? டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், டிரான்சிஸ்டர் எல்லாம் 30 வருடம் உழைக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த மென்பொருள் மூளைக்கு ஐந்து வருடம், மிஞ்சினால் எட்டு. 2020ல் சோனோஸ் கம்பெனி தன் பழைய ஸ்பீக்கர்களுக்கு இனி புது மென்பொருள் வராது என்று அறிவித்து, வாங்கியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகம் முழுக்க ஒரே நாளில் முரண்டு பிடித்தன. ஒயர் அறுந்ததா, பாகம் எரிந்ததா? ஒன்றுமில்லை. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் காலக்கெடு முடிந்துவிட்டது. கூகுள் சில நாளில் சரிசெய்து அனுப்பியது, சரி. சரிசெய்ய மனமில்லாமல் போயிருந்தால்? 30 வருடப் பொருளின் வயிற்றில் 5 வருடப் பொருளைத் தைத்து வைப்பதை நான் வாங்க மாட்டேன். மூளை வேண்டுமென்றால் தனியாக, வெளியே, ஒரு சின்னப் பெட்டியில் இருக்கட்டும். அது செத்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பிராண்ட் பெயரை நம்பச் சொன்னவர்களும் கொஞ்சம் கேளுங்கள். ஒசாகாவில் 1946ல் பிறந்த ஆன்கியோ, ஆம்ப்ளிஃபையர் உலகில் எப்பேர்ப்பட்ட பெயர்! 2021ல் ஹோம் ஆடியோ பிரிவைப் பிறருக்கு விற்றார்கள், 2022 மே மாதம் தாய்க் கம்பெனி திவால். பெயர் இன்னும் கடையில் இருக்கிறது, பெயரை வைத்திருப்பவர்கள் வேறு. அடுத்தது நமக்கு இன்னும் பக்கம். சாம்சங் 2017ல் ஹார்மனை 800 கோடி டாலருக்கு வாங்கியது. ஜே.பி.எல்., இன்ஃபினிட்டி, ஹார்மன் கார்டன் எல்லாம் அதில் வந்தன. 2025 செப்டம்பரில் ஹார்மன் போய் டெனான், மராண்ட்ஸ், போல்க் ஆகியவற்றை வைத்திருந்த கம்பெனியையும் வாங்கிவிட்டது. ஆக நீங்கள் எனக்கு எதிரெதிராக நிறுத்தி ஒப்பிட்டுக் காட்டிய நான்கு பிராண்டுகளுக்கு முதலாளி ஒருவரே. 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே சுங்குவார்சத்திரத்தில், அந்த ஆலையின் தாய்க் கம்பெனிதான். பெயரைப் பார்த்துப் பயனில்லை, பெட்டியைப் பார்க்க வேண்டும்.

என் பழைய ரிசீவருக்கு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டீர்கள். வலது பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு அடங்கியது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்த பையன் மூடியைத் திறக்கவே இல்லை. மாடல் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினான். "எண்ட் ஆஃப் லைஃப் சார்" என்றான். பார்க்கும் கட்டணம் வாங்கிக்கொண்டான். பார்க்காததற்கு!

வாலாஜாபாத்தில் மைக் செட் ரிப்பேர் பார்க்கும் ஒருவர்தான் திறந்து பார்த்தார். ஸ்பீக்கர் ரிலேவின் முனைகள் கருத்திருந்தன, அதை மாற்றினார். அது பெரிய விஷயமில்லை. அவுட்புட் பகுதியில் இருந்தது எஸ்.டி.கே. வகை ஐ.சி., அதாவது இரண்டு சேனலுக்கும் வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கட்டியில் அடைத்தது. அது போய்விட்டது. அசல் இப்போது கிடைப்பதில்லை. ரிச்சி தெருவில் கிடைத்தவை மேலே அதே எண்ணை அச்சடித்த போலிகள். ஒன்று மூன்று வாரம் பாடியது, இன்னொன்று ஒரு மாலை. அவர் சொன்னது எனக்குப் போதும்: "சார், இதிலேயே தனித்தனி டிரான்சிஸ்டர் வெச்சிருந்தா நான் இன்னிக்கே சரிபண்ணிக் குடுத்திருப்பேன்." அந்தப் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது, டியூனர் நன்றாக இருக்கிறது, உடம்பெல்லாம் ஆரோக்கியம். உள்ளங்கை அளவு ஒரு கட்டி இல்லாததால் ஒன்பது கிலோ பெட்டி காயலான் கடைக்குப் போக வேண்டும்.

"காலம் போயிடுச்சு" என்று எழுதிய தம்பி, உன் தரப்பும் எனக்குத் தெரியும். போனுக்குள் பாகங்கள் அரிசிக் குருணை அளவில் இருக்கின்றன, கையால் ஈயம் வைக்க முடியாது. ரிப்பேர் கூலி புது விலையில் பாதி வருகிறது. 230 வோல்ட் ஓடும் பெட்டியைத் தெரியாதவன் திறந்தால் ஆபத்து. எல்லாம் சரிதான். ஆனால் ஆம்ப்ளிஃபையர் போன் இல்லையே. அதில் இடம் இருக்கிறது, சூடு வெளியேற இடம் இருந்தே ஆக வேண்டும். பவர் டிரான்சிஸ்டர் கட்டைவிரல் அளவு. கண்டன்சர் எவரெடி பேட்டரி அளவு. வாட்டர்ப்ரூஃப் சாக்கும் சொல்ல முடியாது. திறக்கக்கூடிய, மாற்றக்கூடிய பொருளாக வைத்திருக்க இயற்பியல் எந்தத் தடையும் போடவில்லை. கணக்கும் அப்படித்தான். 30,000 ரூபாய்ப் பெட்டி, நடுவில் 5,000 ரூபாய் ரிப்பேரோடு 20 வருடம் வந்தால் வருடத்துக்கு 1,750. நீ சொல்கிற 20,000 ரூபாய்ப் பெட்டி 4 வருடம் வந்தால் வருடத்துக்கு 5,000. லாபம் யாருக்கு?

நீ வேலைக்குப் போகிற சாலையிலேயே பார். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இருக்கின்றன. 1955ல் திருவொற்றியூரில் ஆரம்பித்த கம்பெனி. 40 வருடப் புல்லட்டுக்குக் கிளட்ச் கேபிள் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கிறது. மெக்கானிக்கிடம் பாகங்களின் படம் போட்ட புத்தகம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது. "நாலு வருஷம் ஓடினா லாபம், அப்புறம் தூக்கிப் போடுங்க" என்று புல்லட் ஷோரூமில் ஒருவன் சொல்லட்டும் பார்க்கலாம், அடி விழும். அதே சாலையில், அதே ஊர்ப் பிள்ளைகள், அதே மின்சாரம், அதே தண்ணீர். இரண்டு சக்கரம் வைத்தால் ஒரு நியாயம், ஒயர் வைத்தால் வேறு நியாயமா? எலெக்ட்ரானிக்ஸில் மட்டும் அந்தப் பாகங்கள் புத்தகத்தை மறைத்தது யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றுக்குள் சர்க்யூட் படத்தையே ஒட்டி அனுப்பினார்கள். 2006ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்ய ஆரம்பித்தபோதுகூட, பின்மூடியை நகத்தால் கழற்றி பேட்டரி மாற்றினோம். 2014 நவம்பரில் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. இன்று அதே வட்டாரத்திலிருந்து போகிற போன்களை நகத்தால் திறந்து பாருங்கள்.

வல்லம் வடகாலில் 2015ல் வந்த யமஹா மோட்டார் ஆலையையும் சொல்ல வேண்டும். அந்த வண்டியின் டேங்கில் இருக்கும் சின்னத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று இசைக்கவைகள். லேபில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைப்போமே, அதுதான். இசைக்கருவிக் கம்பெனியிலிருந்து 1955ல் பிரிந்து வந்ததுதான் மோட்டார் கம்பெனி. அந்த இசைக்கருவிக் கம்பெனி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1887ல் ஜப்பானின் ஹமமட்சு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆர்கன் பழுதாகிவிட்டது. வெளிநாட்டில் செய்தது, சர்வீஸ் சென்டர் கிடையாது. டொராகுசு யமஹா என்பவர் திறந்து பார்த்தார். சரிசெய்தார். சரிசெய்தபோது அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தது, பிறகு தானே ஒன்று செய்தார். ஒரு பள்ளிக்கூட ரிப்பேர் வேலை இன்று சென்னைக்குத் தெற்கே கீபோர்டும் கிடாரும் செய்கிற ஆலையாக வந்து நிற்கிறது.

இதுதான் என் கோபத்தின் அடி. நம் வட்டாரத்தில் கார், லாரி, டிவி, போன், வாஷிங் மெஷின் எல்லாம் செய்கிறீர்கள். ஒரு நிலையத்தில் 40 நொடி நின்று ஒரு திருகு முடுக்குகிறீர்கள், அடுத்தவரிடம் போகிறது. அதை மட்டமாகச் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் எத்தனையோ ஓட்டு வீடு காங்கிரீட் ஆனது. ஆனால் பழுது கண்டுபிடிப்பதற்கு முழுப் பொருளும் தெரிய வேண்டும். சத்தம் எங்கே வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று மீட்டரை வைத்துப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் சேர்ந்த பையனை வீட்டில் யாரும் இப்போது மதிப்பதில்லை. ஆலையில் அடையாள அட்டை தொங்கினால் பெண் கொடுக்கிறார்கள், ரிப்பேர் கடை வைத்திருந்தால் யோசிக்கிறார்கள். உறவினர்களே, இது உங்களுக்கும்தான்.

விதிவிலக்கு நம் கண்முன்னேயே இருக்கிறது. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் மைக் செட்டில் அஹூஜா ஆம்ப்ளிஃபையர். டெல்லிக் கம்பெனி, 1940லிருந்து இருக்கிறது. அழகு கிடையாது, ஆப் கிடையாது. வெயிலில் காய்ந்து, லாரியில் குலுங்கி, ஜெனரேட்டரின் ஏறி இறங்கும் வோல்டேஜைத் தின்று பல வருடம் உழைக்கிறது. பழுதானால் எந்தத் தாலுகா ஊரிலும் ஒருவர் திறந்து பார்ப்பார், பாகம் கிடைக்கும். மைக் செட்காரர் நம்மைவிடக் கெட்டிக்காரர். அவருக்கு அது பிழைப்பு, ஆடி மாதம் நின்றால் சாப்பாடு இல்லை. அதனால் திறக்க முடியாத பெட்டியை அவர் வாங்குவதே இல்லை. அவர் வாங்காததால் கம்பெனியும் செய்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24ல் ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். 2025 மே மாதம் ஒரு குழு, போனுக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் ரிப்பேர் மதிப்பெண் போட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. பிரான்சில் 2021லேயே போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் மேல் பத்துக்கு இத்தனை என்று ஒட்டியாக வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஃபிரிட்ஜின் மேல் நட்சத்திரம் ஒட்டுவது போல. அந்த மதிப்பெண் இங்கே கடைகளுக்கு வந்து, அதுவும் ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் வந்து சேருவதற்குள் எனக்கு எண்பது ஆகிவிடும். அதுவரை நாம்தான் கேள்வி கேட்டு மதிப்பெண் போட வேண்டும்.

நான் எடுத்திருக்கும் முடிவு இது. எளிய இரண்டு சேனல் ரிசீவர். யமஹா ஆர்-எஸ்202 பட்டியலில் முதலில் இருக்கிறது. எஃப்.எம். உண்டு, புளூடூத் உண்டு. வை-ஃபை கிடையாது, டிவிக்கு எச்.டி.எம்.ஐ. கிடையாது, ரெக்கார்டு பிளேயருக்கான போனோ உள்ளீடும் கிடையாது. இவற்றைக் குறையாக எழுதியிருக்கிறார்கள். போனோவுக்கு ஒரு சின்ன முன்-ஆம்ப்ளிஃபையர் வெளியே வைத்துக்கொள்வேன். மற்றவை என் கணக்கில் வரவு. டெனான் டி.ஆர்.ஏ-800எச் நல்ல பெட்டிதான், போனோவும் உண்டு, ஆனால் ஐந்து எச்.டி.எம்.ஐ. உள்ளீடும் நெட்வொர்க் மூளையும் உள்ளேயே இருக்கின்றன, அதனால் வேண்டாம். நியூ ஜெர்சி மருமகனே, உன் பெட்டி 120 வோல்ட், இங்கே 230. தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டி, அமெரிக்க வாரண்டியைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஐரோப்பாவிலிருந்து அனுப்புகிறேன் என்றவர், அதில் டி.ஏ.பி. ரேடியோ இருப்பதாகப் பெருமைப்படுகிறார். ஆகாசவாணி டிஜிட்டலுக்கு எடுத்துக்கொண்டது டி.ஆர்.எம். முறை, இரண்டும் வேறு. காபி வாங்கி அனுப்பினால் போதும்.

எந்த மாடலானாலும் பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் மூன்றைக் கேட்பேன், எழுத்தில். அவுட்புட்டில் தனித்தனி டிரான்சிஸ்டரா, ஒரே கட்டியா? சர்வீஸ் மேனுவல் மெக்கானிக்குக் கிடைக்குமா? இந்த மாவட்டத்தில் மூடியைத் திறக்கும் சர்வீஸ் சென்டர் எது? மூன்றாவது கேள்விக்கு ஒரு கடையில் சிரித்தார்கள். அந்தக் கடையில் வாங்கவில்லை. நீங்களும் டிவி, ஏ.சி. வாங்கும்போது கேளுங்கள். மாதம் இருபது பேர் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். ஆலைக்குள் இருக்கிறவர்களுக்கு இன்னும் கூடுதல் வசதி. கைஸன் பெட்டியில் யோசனை போடச் சொல்கிறார்களே, "மூடிக்குப் பசைக்குப் பதில் திருகு" என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். பரிசு வராது. எழுதுங்கள்.

வாங்கியவர்களுக்கு நம் ஊருக்கான குறிப்பு ஒன்று, பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்காது. கண்டன்சருக்குச் சூடுதான் எமன். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி. ஷோகேஸுக்குள் கண்ணாடி போட்டு அடைக்காதீர்கள், மேலே வெல்வெட் துணி போடாதீர்கள். பின்பக்கம் நாலு விரல் இடம் விடுங்கள். காற்றுத் துளை வழியாகப் பல்லி போகும். ஓட்டை பெரிதானால் மெல்லிய நைலான் வலை ஒட்டுங்கள், பல்லியும் பிழைக்கும் போர்டும் பிழைக்கும்.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடவில்லை. டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் சரியாக இருப்பதால், அந்தக் கட்டி இருந்த இடத்தில் தனி டிரான்சிஸ்டர் வைத்த இரண்டு போர்டு பொருத்த முடியுமா என்று வாலாஜாபாத் மெக்கானிக்கும் நானும் பார்க்கப்போகிறோம். அவர் ஞாயிறு காலை 10 மணிக்கு என் வீட்டுக்கு வருகிறார். ஷிஃப்ட் இல்லாதவர்கள் வரலாம், பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். மல்டிமீட்டர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மூடி திறந்தே இருக்கும். அவர் வந்து சொல்லும் வரை யாரும் உள்ளே கை வைக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் மின்சாரம் நிற்கும்.